டாஷ்ஹண்டா, பொமரேனியனா? முதலில் வீட்டுப் படிகளை எண்ணுங்கள்

போன மாதம் தெஹிவளையில் இருக்கும் என் தங்கை போன் எடுத்து, "அண்ணா, சின்னவன் நாய்க்குட்டி வேணும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான், டாஷ்ஹண்ட் எடுக்கவா பொமரேனியன் எடுக்கவா, நீங்களே சொல்லுங்கோ" என்றாள். எத்தனையாவது மாடி, லிப்ட் ஒழுங்காக வேலை செய்கிறதா, தரை டைல்ஸா, பகலில் வீட்டில் யார் இருப்பது, மாமிக்கு முழங்கால் இப்போது எப்படி என்று நான் திருப்பிக் கேட்டேன். அவளுக்குக் கொஞ்சம் எரிச்சல். நாயைப் பற்றிக் கேட்டால் வீட்டைப் பற்றிக் கேட்கிறீர்களே என்றாள்.

அவளுக்குப் போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன், ஏனென்றால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தெஹிவளையிலும் மாடி வீடுகளில் இருக்கிற நம்முடைய ஆட்கள் சின்ன நாய் என்றதும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் முதலில் நினைக்கிறார்கள், நினைத்த கையோடு "எது சாது, எது விசுவாசம், எது வடிவு" என்று விசாரிக்கிறார்கள். குணம் முக்கியம்தான். ஆனால் குணத்தைப் பழக்கத்தால் பாதியாவது திருத்தலாம், உடம்பைத் திருத்த முடியாது. இந்த இரண்டு இனத்தையும் மனிதன் தன் தேவைக்காக வளைத்து வளைத்து உருவாக்கினான், அப்படி வளைத்ததில் ஒவ்வொன்றின் உடம்பிலும் ஒரு பலவீனமான இடம் நிலைத்துவிட்டது. டாஷ்ஹண்டுக்கு முதுகு. பொமரேனியனுக்குத் தொண்டையும் உரோமமும். உங்கள் வீடு அதில் எந்த இடத்தைப் பிடித்து வருத்தும் என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

டாஷ்ஹண்ட் ஜெர்மனிக்காரர்கள் வேட்டைக்காக வளர்த்த நாய். ஜெர்மன் மொழியில் டாக்ஸ் என்றால் வளை தோண்டி நிலத்துக்குள் வாழும் பேட்ஜர், ஹுண்ட் என்றால் நாய். அந்த வளைக்குள் நுழைவதற்குத்தான் அந்தக் கட்டைக் காலும் நீள உடம்பும். கால் ஏன் அப்படிக் கட்டையானது என்பதற்கு 2009இல் விடை கிடைத்தது: எலும்பு வளர்ச்சியோடு தொடர்புடைய எஃப்ஜிஎஃப்4 என்ற மரபணுவின் கூடுதல் பிரதி ஒன்று இந்த மாதிரிக் கட்டைக்கால் இனங்களில் இருக்கிறது. 2017இல் அதே மரபணுவின் இன்னொரு கூடுதல் பிரதியை வேறொரு நிறமூர்த்தத்தில் கண்டுபிடித்தார்கள், அதுதான் முதுகு நோயோடு சம்பந்தப்பட்டது. அதாவது நாம் பார்த்து ரசிக்கிற அந்தக் குள்ள நடையும் அந்த நோயும் உறவுக்காரர்கள்.

நோய் எப்படி வருகிறது என்றால், முதுகெலும்பின் கண்ணிகளுக்கு நடுவே மெத்தை போன்ற தட்டுகள் இருக்கின்றன, அவற்றின் நடுப்பகுதி ஜெலி மாதிரி மெதுவானது. மற்றப் பெரும்பாலான நாய்களில் அது வயதாக வயதாகத்தான் காயும். டாஷ்ஹண்டில் முதல் வயதிலேயே காய்ந்து சுண்ணாம்பு படியத் தொடங்கிவிடும். பிறகு ஒரு நாள், பெரும்பாலும் மூன்றிலிருந்து ஏழு வயதுக்குள், சோபாவிலிருந்து குதிக்கும்போதோ ஒன்றுமே செய்யாமல் நிற்கும்போதோ அந்தத் தட்டு வெடித்து மேலே இருக்கும் முண்ணாணை நசுக்கும். வாழ்நாளில் ஐந்தில் ஒன்று, சில கணக்குகளின்படி நான்கில் ஒன்று டாஷ்ஹண்டுக்கு இது வருகிறது. இது சின்ன எண் இல்லை.

எங்கள் வீட்டு புரூனோவுக்கு வந்தது ஐந்து வயதில். வெள்ளவத்தையில் இரண்டாம் மாடி, வீடு முழுக்க வெள்ளை டைல்ஸ். விடிய பேப்பர்காரர் மணி அடித்தால் அவன்தான் முதலில் ஓடிப்போய்க் கதவடியில் நிற்பான், நான்கு கால் நகமும் டைல்ஸில் கடகடவென்று சத்தம் போடும். அன்றைக்கு அந்தச் சத்தம் வேறு மாதிரி இருந்தது. முன்கால்கள் தட்டும் சத்தம், அதற்குப் பின்னாலேயே எதையோ இழுப்பது போல நீளமாக ஒரு சுரண்டல். குசினியிலிருந்து அம்மாதான் முதலில் எட்டிப் பார்த்தார். பின்னங்கால் இரண்டும் பக்கவாட்டில் மடங்கியிருக்க, கால் விரல்களின் மேற்புறம் தரையில் தேய, அவன் கதவு வரைக்கும் வந்து வாலை ஆட்ட முயன்றுகொண்டிருந்தான்.

நாங்கள் கொண்டுபோன முதல் கிளினிக்கில் நோவுக்கு ஓர் ஊசி போட்டு, "வாதம், சரியாகிவிடும்" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் வீணாகப் போனது. அடுத்ததாகப் பார்த்த மிருக வைத்தியர் பின்னங்கால் விரலைக் குறட்டால் அழுத்திப் பார்த்தார், புரூனோ திரும்பிக் கத்தினான். "நல்ல காலம், நோவு தெரிகிறது" என்றார் அவர். அந்த நோவுகூடத் தெரியாமல் போனால் ஒவ்வொரு மணிநேரமும் பெறுமதியானது, சத்திரசிகிச்சை செய்தாலும் நடப்பது சந்தேகம் என்று அன்றைக்குத்தான் விளங்கிக்கொண்டோம். ஆறு கிழமை கூட்டுக்குள் படுக்கை, குளிசை, சிறுநீருக்கு மட்டும் தூக்கிக்கொண்டு போவது. அவன் எழும்பினான். வலது பின்கால் கொஞ்சம் ஆடும், ஆனால் பதின்மூன்று வயது வரை எங்களோடு நடந்தான். எனவே உங்கள் டாஷ்ஹண்ட் தூக்கும்போது கத்தினால், முதுகைக் கூனிக்கொண்டு நடுங்கினால், வழமையாக ஏறும் கதிரையில் ஏற மறுத்தால், இன்றைக்குப் பார்க்கலாம் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். அன்றைக்கே கொண்டுபோங்கள்.

நாங்கள் செய்த பிழை எது என்று பின்னால் நிறைய யோசித்திருக்கிறேன். நிறைதான். ஒன்பது கிலோவில் இருக்க வேண்டியவன் பதினொன்றரை கிலோ இருந்தான், ஏனென்றால் அம்மா சோற்றில் மீன் குழம்பு விட்டுப் பிசைந்து மூன்று வேளையும் கொடுத்தார், அவனும் மூன்று வேளையும் பசிக்கிற மாதிரியே பார்த்தான். குழம்பில் இருக்கிற வெங்காயமும் உள்ளியும் நாயின் சிவப்பணுக்களை அழிக்கும் என்பது இன்னொரு பக்கம். படி ஏறுவதும் குதிப்பதும்தான் முதுகைக் கெடுக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் நம்பினேன், ஆனால் 2015இல் பிரித்தானியாவில் டாஷ்ஹண்ட் வளர்ப்பவர்களிடம் எடுத்த ஒரு பெரிய கணக்கெடுப்பில் சோபாவில் ஏறி இறங்க விட்ட நாய்களுக்கு நோய் குறைவாகவே இருந்திருக்கிறது. முதுகு நொந்த நாயைத்தான் வீட்டார் ஏறவிடாமல் தடுப்பார்கள், அதனாலும் கணக்கு அப்படி வந்திருக்கலாம். ஆனால் அதே கணக்கெடுப்பில், நாளைக்கு ஒரு மணிநேரத்துக்கு மேல் நடக்கிற நாய்களுக்கும் ஆபத்து குறைவு என்று வந்தது, அதை நான் முழுதாக நம்புகிறேன். தசை உறுதியாக இருந்தால்தான் அந்த நீள முதுகை அது தாங்கும். அறையில் பூட்டி வைத்து உணவு கொடுத்து வளர்த்தால் டாஷ்ஹண்ட் கெதியாகப் பழுதாகிவிடும்.

இப்போது படிக்கணக்கு. சாதாரண டாஷ்ஹண்ட் ஏழிலிருந்து பதினான்கு கிலோ வரை வரும், மினியேச்சர் என்றால் ஐந்து கிலோவுக்குள். லிப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் ஒரு நாளைக்கு நான்கு தடவை இறங்கி ஏறுவதென்றால் யாராவது தூக்க வேண்டும், சும்மா தூக்கவும் கூடாது, ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, மற்றக் கை பின்புறத்துக்குக் கீழே, முதுகு பலகை மாதிரி நேராக இருக்க வேண்டும். பத்துக் கிலோ நாயை அப்படித் தூக்கிக்கொண்டு முழங்கால் நோவுள்ள அறுபத்தெட்டு வயது மாமி படி இறங்குவதை யோசித்துப் பாருங்கள். பொமரேனியன் இந்த இடத்தில் வென்றுவிடுகிறது. அதை மரக்கறிப் பையோடு சேர்த்து ஒரு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விடலாம்.

சரி, பொமரேனியனுக்கு வருவோம். பால்டிக் கடலோரத்தில், இன்றைக்கு வட போலந்திலும் வடகிழக்கு ஜெர்மனியிலுமாகப் பிரிந்து கிடக்கிற பொமரேனியா என்ற பகுதியின் பெயர்தான் அதற்கு. குளிர் நாட்டு ஸ்பிட்ஸ் குடும்பம். முற்காலத்தில் பதின்மூன்று பதினான்கு கிலோ வரை இருந்த நாய். விக்டோரியா மகாராணி 1888இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகருக்குப் போனபோது இந்த இனத்தில் மனதைப் பறிகொடுத்துக் கொண்டுவந்து வளர்த்தார், அவருடைய மார்கோ என்ற நாய் ஐந்து கிலோ சொச்சம்தான், அதைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் சின்ன பொமரேனியன் ஆசை பிடித்தது. 1912இல் டைட்டானிக் மூழ்கியபோது தப்பிய மூன்று நாய்களில் இரண்டு பொமரேனியன். கையில் தூக்கிக்கொண்டு படகில் ஏறக்கூடிய அளவுக்கு அதற்குள் சின்னதாகிவிட்டது. இன்றைக்குப் போட்டிக்கு வளர்க்கிற பொமரேனியன் இரண்டு கிலோ, மிஞ்சினால் மூன்று.

இப்படிச் சுருக்கியதில் கெட்டுப்போனது தொண்டை. மூச்சுக்குழாயைத் திறந்து வைத்திருக்கும் குருத்தெலும்பு வளையங்கள் பலவீனமாகி, குழாய் தட்டையாகிவிடும். அந்த இருமலைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள், வாத்துக் கத்துவது போல இருக்கும். கழுத்துப்பட்டியில் கயிற்றைக் கட்டி இழுத்தால் கூடும், நாய் கொழுத்தால் கூடும், வெக்கையில் கூடும், புகையில் கூடும். நம்முடைய வீடுகளில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி, பின்னேரம் ஆனதும் நுளம்புச்சுருள், இரண்டும் யன்னல் சாத்தின சின்ன பிளட்டுக்குள். நுளம்புச்சுருளைக் கதிரைக்குக் கீழே தரையில் வைப்போம், பொமரேனியனின் மூக்கும் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. அதற்குக் கழுத்தில் பட்டி வேண்டாம், நெஞ்சைச் சுற்றிக் கட்டுகிற ஹார்னஸ் வாங்குங்கள். டாஷ்ஹண்டுக்கும் அதுதான் நல்லது.

அடுத்தது உரோமம். வெளியே நீளமான முடி, உள்ளே பஞ்சு மாதிரி அடர்ந்த அடிமுடி, பனிக்காக அமைந்தது. கொழும்பில் வருஷம் முழுக்கப் பகலில் முப்பது பாகை, அதைவிட முக்கியம் காற்றில் இருக்கிற ஈரம். நாய் வியர்த்து ஆறுவதில்லை, மூச்சு வாங்கி, நாக்கிலிருந்து ஈரம் ஆவியாகித்தான் ஆறுகிறது, காற்றே ஈரமாக இருந்தால் ஆவியாகிற வேகம் குறைந்துவிடும். அதனால் அதே முப்பது பாகை வேறு வரண்ட ஊரில் தாங்கக்கூடியது, இங்கே தாங்காது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் வெட்டினார்களே, அந்த நாட்களில் பம்பலப்பிட்டி சித்தி வீட்டுப் பொமரேனியன் ஸ்னோவி பட்ட பாடு கண்ணுக்குள் நிற்கிறது. ஃபேன் நின்று அரை மணிநேரத்தில் குளியலறைத் தரையில் வயிற்றை ஒட்டிப் படுத்து, நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கயிறு மாதிரித் தொங்கும். சித்தி ஈரத் துவாயை முதுகில் போர்த்தினார், பிறகுதான் அது சூட்டை உள்ளே அடைத்துவிடும் என்று தெரிந்துகொண்டோம். வயிற்றிலும் கால் இடுக்கிலும் தண்ணீர் ஊற்றி, பேப்பரை மடித்து விசிறியதுதான் உதவியது.

வெக்கை தாங்காது என்று சிலர் பொமரேனியனை மொட்டையாக வழித்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த இரட்டை உரோமம் வழித்தபின் சில நாய்களுக்கு மாதக்கணக்கில் திரும்பி வராது, வந்தாலும் திட்டுத்திட்டாக வரும், அதுவரை தோல் வெயிலில் வெந்துபோகும். வயிற்றையும் பாதங்களையும் குறைத்து வெட்டி, அடிமுடியைக் கிழமைக்கு மூன்று தடவை ஆழமாகச் சீவி எடுத்தால் காற்றுப் போகும். மழைக்காலத்தில் நனைந்தால் தோல்வரைக்கும் உலர்த்த வேண்டும், மேலே காய்ந்தது போலத் தெரியும், உள்ளே ஈரம் நின்று புண் வரும். ஸ்னோவிக்கு இந்த வேலை மட்டும் கிழமைக்கு இரண்டு மணிநேரம் பிடிக்கும். அந்த நேரம் உங்கள் வீட்டில் யாரிடம் இருக்கிறது என்று இப்போதே பேசி முடிவெடுங்கள்.

உண்ணியையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், கொழும்பில் நாய் வளர்ப்பவர்களுக்கு இதுதான் தீராத தலையிடி. மாடி வீட்டு நாய்க்கு உண்ணி வராது என்று நினைக்க வேண்டாம், நாய்களை ஒட்டி வாழும் பழுப்பு உண்ணி சுவர் வெடிப்புக்குள்ளும் கட்டில் மூலைக்குள்ளும் முட்டையிட்டுப் பெருகும். அது பரப்புகிற பபேசியா, எர்லிக்கியா காய்ச்சல்கள் இரத்தத்தை வற்றவைத்துவிடும், முரசு வெளிறிப்போய்ச் சாப்பிடாமல் படுத்தால் உடனே இரத்தம் சோதிக்க வேண்டும். டாஷ்ஹண்டின் குட்டை உரோமத்தில் கையைத் தடவினாலே உண்ணி தட்டுப்படும். பொமரேனியனில் விரலை அடிமுடிக்குள் விட்டுத் தேட வேண்டும், ஒரு தடவை ஸ்னோவியின் காதுக்குப் பின்னால் கௌப்பி விதை அளவுக்கு ஊதின சாம்பல் நிற உண்ணி ஒன்று, எத்தனை நாளாக அங்கே இருந்ததோ தெரியாது. மாதா மாதம் குளிசையோ மருந்துத் துளியோ இரண்டுக்கும் தவறக்கூடாது.

குரைப்பதில் இரண்டும் குறைந்தவை இல்லை. டாஷ்ஹண்டின் நெஞ்சுக்கூடு பெரிது, குரல் பெரிய நாயின் குரல். பொமரேனியனின் குரல் கீச்சு, ஆனால் லிப்ட் சத்தம், ஓட்டோ சத்தம், பக்கத்து வீட்டுச் செருப்புச் சத்தம் எல்லாவற்றுக்கும் குரைக்கும். நாயை எடுப்பதற்கு முன் உங்கள் தொடர்மாடியின் நிர்வாகக் குழு நாய் வளர்க்க விடுகிறதா என்று கேட்டுவிடுங்கள், குட்டி வந்த பிறகு கடிதம் வந்தால் அந்தக் குட்டியை எங்கே கொண்டுபோவது? தீபாவளி, சித்திரைப் புத்தாண்டு வெடிக்கு இரண்டுமே நடுங்கும். வைரவர் வாகனத்தை விரட்டக்கூடாது என்று சொல்லி அம்மா புரூனோவை அந்த இரண்டு நாளும் மட்டும் சாமியறைக்குள் படுக்க விடுவார், யன்னல் இல்லாத அறை என்பதால் அங்கேதான் சத்தம் குறைவு.

குணத்தில் ஒரு விஷயம் மட்டும் திறந்த மனதோடு சொல்ல வேண்டும். 2008இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தினர் முப்பதுக்கு மேற்பட்ட இனங்களை ஒப்பிட்டபோது, மனிதரிடமும் மற்ற நாய்களிடமும் சீறுவதில் சராசரிக்கு மேலே நின்ற இனங்களில் டாஷ்ஹண்டும் ஒன்று. வளைக்குள் தனியாகப் போய் பேட்ஜரோடு நேருக்கு நேர் நின்று தானே முடிவெடுத்த நாயின் பரம்பரை, அதனால் கூப்பிட்டதும் வராது, பிடித்த பொருளை விடாது, சாப்பிடும்போது சின்னப் பிள்ளை கை வைத்தால் உறுமும். அதே நாய் தன் ஆளுக்காக எதையும் தாங்கும். பொமரேனியனிடம் பிரச்சினை எதிர்ப்பக்கம்: பிள்ளை நாயைக் காயப்படுத்திவிடும். இரண்டு கிலோ நாய் ஆறு வயதுப் பிள்ளையின் கையிலிருந்து டைல்ஸில் விழுந்தால் முன்கால் எலும்பு முறியும், முழங்கால் சில்லு நழுவுவது இந்த இனத்தில் ஏற்கனவே சாதாரணம். மூன்று காலில் இரண்டு எட்டுத் தத்திவிட்டுப் பிறகு ஒன்றும் நடக்காதது போல ஓடினால் அது விளையாட்டு இல்லை, சில்லு நழுவித் திரும்பி உட்கார்ந்திருக்கிறது.

கொழும்பில் பொமரேனியன் என்று சொல்லி விற்கிற வெள்ளைக் குட்டிகளில் நிறைய உண்மையில் பெரிய ஸ்பிட்ஸ் வகை, வளர்ந்தால் ஐந்து ஆறு ஏழு கிலோ வரும். வாங்கினவர்கள் ஏமாந்துவிட்டோம் என்று வருந்துவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை, பிள்ளை இருக்கிற வீட்டுக்கு அதுதான் நல்ல நாய். எலும்பு உறுதி, தொண்டை நோய் குறைவு, விக்டோரியா காலத்து அளவுக்குக் கிட்ட நிற்கிறது. மாறாக "டீகப்" என்று உள்ளங்கையில் வைத்துப் படம் காட்டி லட்சக்கணக்கில் விலை சொல்கிற குட்டியிடமிருந்து விலகியே இருங்கள், அந்த அளவுக் குட்டிக்கு ஒரு வேளை சாப்பாடு பிந்தினாலே சீனி இறங்கி வலிப்பு வரும். எட்டுக் கிழமைக்கு முன் தாயிடமிருந்து பிரித்த குட்டியையும் எடுக்க வேண்டாம். தாயைக் காட்டமாட்டேன் என்று சொல்பவரிடம் வாங்கவே வேண்டாம்.

விசர்நாய்க்கடி நோய்க்கு ஊசி போடுவதும் நாயை மாநகர சபையில் பதிவு செய்வதும் சட்டப்படி கட்டாயம், பதிவு 1901ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலிருந்தே இருக்கிறது. மாடியிலிருந்து இறங்காத நாய்தானே என்று விடக்கூடாது. எலிக்காய்ச்சல் சேர்ந்த தடுப்பூசியும் டாஷ்ஹண்டுக்கு இரண்டு மடங்கு அவசியம், முற்றம் இருக்கிற வீட்டில் அது எலியைத் தேடிக் காண்வரைக்கும் போகும்.

தங்கை வீடு மூன்றாம் மாடி. லிப்ட் இருக்கிறது, மாதத்தில் பாதி நாள் பழுது. எண்ணச் சொன்னேன், ஐம்பத்திரண்டு படி. பகலில் மாமி மட்டும், மகனுக்கு ஆறு வயது, கடல் பக்க யன்னலால் நல்ல காற்று வரும். டாஷ்ஹண்ட் வேண்டாம் என்றேன், இரண்டு கிலோ பொமரேனியனும் வேண்டாம், அந்த ஐந்து ஆறு கிலோ ஸ்பிட்ஸ் வகையில் ஒன்றைப் பாருங்கள் என்றேன். அவள் நுகேகொடையில் மாடியில்லாத வீட்டில், முற்றத்தோடு, நாளைக்கு ஒரு மணிநேரம் நடக்கக்கூடிய ஆளாக இருந்திருந்தால் யோசிக்காமல் டாஷ்ஹண்ட் என்று சொல்லியிருப்பேன், புரூனோ மாதிரி ஒரு நாயோடு வாழ்ந்தவனுக்கு வேறு பதில் வராது.

வருகிற சனிக்கிழமை கிருலப்பனையில் ஒரு வீட்டில் குட்டி பார்க்கப் போகிறார்கள். முதலில் தாய் நாயை நடக்கவிட்டு, பின்காலைத் தூக்கித் தத்துகிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன், கொஞ்சம் ஓடவிட்டு இருமுகிறதா என்று கேட்கவும் சொல்லியிருக்கிறேன். சின்னவன் இப்போதே தலையணை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு தரையில் சப்பாணி கட்டி உட்காரப் பழகுகிறானாம். நின்றுகொண்டு குட்டியைத் தூக்கக்கூடாது என்று மாமா சொன்னாராம் என்று வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் சொல்கிறானாம்.